குழந்தைகளின் குரல் ஆய்வுக்கு இரண்டாண்டு நிதி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆராய்ச்சிக்கான நிதியுதவி குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புற்றுநோய், இதயநோய், நீரிழிவு ஆகியவற்றைப் பற்றி அதில் விரிவாகப் பேசப்பட்டிருந்தது. அவற்றின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும், குழந்தைகளின் குரல் மற்றும் மூச்சுப்பாதைக் கோளாறுகள் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளித்தது. பேச்சு மற்றும் குரல் பயிற்சித் துறையில் பணிபுரிந்து, இத்தகைய ஆய்வுகளுக்கான விண்ணப்பங்களைத் தயாரிப்பதில் பங்கெடுத்தும் வருவதால், இதைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

பிறந்த குழந்தையின் மூச்சுப்பாதை, குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே, சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமே கொண்டது. அந்த இடத்தில் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் ஏற்பட்டால், காற்று செல்லும் பரப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொண்டைக் கம்மலோடு போய்விடக்கூடிய அதே வீக்கம், பச்சிளங்குழந்தையை மூச்சுக்குத் திணற வைத்துவிடும். பிறவியிலேயே குரல்வளை தளர்ந்திருப்பதால் மூச்சை இழுக்கும்போது ஓசை எழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, ஒன்றரை இரண்டு வயதுக்குள் அது தானாகவே சரியாகிவிடுகிறது. என் கவலை அவர்களைப் பற்றியதன்று.

குறைமாதத்தில் பிறந்து, செயற்கைச் சுவாசக் குழாயின் உதவியால் உயிர் பிழைத்த குழந்தைகளில் சிலருக்கு, அந்தக் குழாய் உரசிய இடத்தில் தழும்பு உண்டாகி மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது. அதற்குத் தீர்வாகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தும்போது, காற்று குரல் நாண்களைத் தொடாமல் வெளியேறுவதால் குழந்தையின் அழுகைக்கு ஓசையே இருக்காது. பசித்து அழுகிறதா, வலித்து அழுகிறதா என்பதை முகத்தைப் பார்த்தே அறிய வேண்டியிருப்பதால், இரவு முழுவதும் தொட்டிலில் கை வைத்தபடி அரைத்தூக்கம் தூங்கும் தாய்மார்களை நாங்கள் அறிவோம். பின்னர், விலா எலும்பின் குருத்தெலும்பைக் கொண்டு பாதையை விரிவாக்கி, குழாயை அகற்றுகிறார்கள். அறுவை சிகிச்சை வெற்றி என்று கோப்பு அத்துடன் மூடப்படுகிறது. அந்தக் குழந்தை கரகரத்த, மெலிந்த குரலுடன் பள்ளிக்குச் சென்று, கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் தன் குரல் ஆசிரியரை எட்டாமல் உட்கார்ந்துவிடுவதைப் பதிவு செய்ய எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இது யாருடைய அலட்சியமும் அல்ல. அளக்கும் கருவியே அப்படி அமைந்திருக்கிறது. மூச்சுப்பாதைக் குறுக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் காட்டன்-மையர் அளவுகோல் 1994 முதல் உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. பாதை எத்தனை விழுக்காடு அடைபட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். குரலைப் பற்றி எதுவும் சொல்லாது. எனவே, இத்துறையில் நிதி கோருபவர்கள் குரலையும் ஒரு முதன்மை விளைவாக, அதாவது ஆய்வு முக்கியமாக அளந்து சொல்ல வேண்டிய ஒன்றாக, தங்கள் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். ‘குரலும் மதிப்பிடப்படும்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கமாட்டார். எந்த வயதில், எத்தனை மாத இடைவெளியில், எந்த முறையில், யாரால் என்று எழுத வேண்டும். பெற்றோர் நிரப்பும் 23 கேள்விகள் கொண்ட குழந்தைகளுக்கான குரல் பாதிப்பு வினாப்பட்டியல் 2007 முதல் புழக்கத்தில் உள்ளது. அமைதியான அறையில், வாயிலிருந்து மாறாத தொலைவில் வைத்த ஒலிவாங்கியில், குழந்தை ‘ஆ’ என்று ஒரே மூச்சில் நீட்டுவதைப் பதிவு செய்வதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஆனால், முகத்தை மறைப்பதுபோல் குரலை எளிதில் மறைத்துவிட முடியாது. பதிவுகள் எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பெற்றோரின் ஒப்புதல் படிவத்திலும், விவரம் தெரிந்த குழந்தையிடம் தனியே பெறும் இசைவிலும் தெளிவுபடுத்தாத விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்புவது நியாயமே.

நிதி வழங்குபவர்களிடம் சொல்ல வேண்டியது இதைவிடப் பெரிது. பெரியவர்களின் குரல் நாணில் காணப்படும் அடுக்கமைப்பு பிறக்கும்போது இருப்பதில்லை. அது சிறுகச் சிறுக உருவாகி, பதின்பருவத்தில்தான் முழுமை பெறுகிறது. ஆண் குழந்தைகளுக்குக் குரல் உடையும் பருவம் வேறு காத்திருக்கிறது. இரண்டு வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தையின் குரல் என்ன ஆனது என்று அறிய, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர வேண்டும். நமக்குக் கிடைக்கும் நிதியோ பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. ஒரே மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே வருவதால், பல மருத்துவமனைகள் ஒரே முறையில் பதிவு செய்து சேர்த்துவைக்கும் பொதுப் பதிவேடு இல்லாமல் எந்த முடிவையும் உறுதியாகச் சொல்ல இயலாது. பதிவேடு பராமரிப்பது புதுமையான ஆய்வு அன்று என்று கூறி மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

பொறுமையான பதிவு என்ன தரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. எச்.பி.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மனித பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் குழந்தைகளின் குரல்வளையில் மருக்கள் திரும்பத் திரும்ப வளரும் நோய் ஒன்று உண்டு. அவற்றை அகற்ற அறுவை சிகிச்சையும் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. அந்நாடு 2007-இல் தேசிய அளவில் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் நாடு தழுவிய கண்காணிப்பில் புதிய நோயாளிகளை ஆண்டுதோறும் எண்ணியதில், 2012-இல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்த விகிதம் 2016-இல் 0.02 ஆகக் குறைந்திருந்தது. இவ்வளவு அரிய நோயில் இந்த மாற்றத்தைக் காண, நாடு முழுவதற்குமான ஒரே கணக்கு வேண்டியிருந்தது.

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றியும் ஒன்று. கருவிக்குக் கேட்கும் தொகை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. மறுபரிசோதனைக்கு வரும் குடும்பத்தின் பயணச் செலவும், அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் பணியாளரின் ஊதியமும்தான் முதலில் வெட்டப்படுகின்றன. குழந்தை நலமாக மூச்சுவிடத் தொடங்கிய பிறகு, ஒருநாள் கூலியை இழந்து, குரலைப் பதிவு செய்வதற்காக மட்டும் பெற்றோர் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது முறையன்று. பாதிக் குழந்தைகள் விடுபட்டுப்போன ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி இருந்து என்ன பயன்?

ஆகவே, குழந்தைகளின் மூச்சுப்பாதை தொடர்பான ஆய்வுகளுக்கு முதற்கட்ட நிதி முடிந்ததும், புதிய விண்ணப்பமாகக் கருதாமல், பின்தொடர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கையையும் பதிவுகளின் தரத்தையும் மட்டும் பார்த்து அடுத்த கட்ட நிதியை நீட்டிக்கும் முறையை நிதி அமைப்புகள் கொண்டுவர வேண்டும். விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் அறுவை சிகிச்சை நிபுணருடன் குரல் பயிற்சியாளர் ஒருவரும், இத்தகைய குழந்தையை வளர்த்த பெற்றோர் ஒருவரும் இடம்பெற வேண்டும் எனவும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேச்சு மற்றும் குரல் பயிற்சியாளர்