பேசுவது யார் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நாவல்களிலும் திரைப்பாடல்களிலும் வரும் பெண்களைப் பற்றிய கட்டுரையை முழுவதும் படித்தேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் பாத்திரம் வாய் திறந்து சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவரின் கருத்தாகவே வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். "இப்பாடலில் கவிஞர் கூறுவது யாது?" என்று கேட்டுக் கேட்டே வினாத்தாள்கள் வளர்த்துவிட்ட பழக்கம் இது. பேசுவது யார், யாரிடம், யார் காதில் விழும்படி என்பதல்லவா முதல் கேள்வி?

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலிலிருந்து கட்டுரை எடுத்துக்காட்டுவது வெங்கு மாமாவின் பேச்சை. கெட்டுப்போனவள் இனி ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாட்டியாக இருக்கலாம் என்கிறார் அவர். இதுதான் ஜெயகாந்தனின் பெண் நோக்கு என்று கட்டுரை முடிவு கட்டிவிடுகிறது. வெங்கு மாமா யார்? வக்கீல், சாஸ்திரம் பேசுகிறவர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நாயகி கங்காவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அதே மனிதர்தான் அவளிடம் தகாத ஆசையோடு நெருங்குகிறவரும். நாவல் இதை ஒளித்து வைக்கவில்லை. இது தெரிந்த பிறகு அவருடைய சாஸ்திரத்தைப் படித்துப் பாருங்கள். அவள் வேறொருவனுக்கு மனைவியாக முடியாது என்று சொல்வதில் அவருக்கு இருக்கும் ஆதாயம் பளிச்சென்று தெரியும்.

இந்த நாவல் பிறந்த கதையே கட்டுரையாளருக்குப் போதுமான பதில். 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். நடந்தது என்ன என்று அழுதுகொண்டே சொல்லும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இனி இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அந்தத் தாயை அன்று பலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று எழுதிப் பார்த்ததுதான் 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற இந்த நாவல். தண்ணீர் ஊற்றிய தாயும் அவர் படைத்தவள், கூச்சலிட்ட தாயும் அவர் படைத்தவள். இவர்களில் யார் ஜெயகாந்தன்?

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் இருக்கும் பிரதியில், வெங்கு மாமா நியாயம் பேசும் இடத்தில் யாரோ நீல மையால் அழுத்தமாக அடிக்கோடிட்டு, ஓரத்தில் "உண்மை" என்று எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே பென்சிலால், பொடி எழுத்தில், வேறொரு கை: "சொல்கிறவர் எப்படிப்பட்டவர் என்று பாருங்கள்." நூலகப் புத்தகத்தில் எழுதுவது கூடாதுதான். ஆனாலும் பென்சிலால் எழுதிய அந்த வாசகருக்கு என் வணக்கம்.

இப்படிக் கேட்பது வெளிநாட்டுத் திறனாய்வு நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அல்ல. நம் முன்னோர் அகப்பாடல்களைத் தொகுத்தபோது ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இன்ன சூழலில் சொன்னது என்று குறித்து வைத்தார்கள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எல்லோரும் அறிவோம். தலைவனோடு தான் கொண்ட நட்பு நிலத்தினும் பெரியது, வானினும் உயர்ந்தது, கடல் நீரினும் ஆழமானது என்கிறாள் தலைவி. தனியாகப் படித்தால் காதலின் பரவசம், அவ்வளவுதான். கூற்றுக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் பாட்டே வேறாகிவிடுகிறது. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். அவன் காதில் விழும்படி தோழி அவனைக் குறை சொல்கிறாள். அதற்குப் பதிலாக, அதே காதில் விழும்படி, தலைவி அவனைப் புகழ்கிறாள். இருவரின் நோக்கமும் ஒன்றே: அவன் சீக்கிரம் மணம் பேச வர வேண்டும். பரவசத்துக்குள் எவ்வளவு கவலை, எவ்வளவு சாமர்த்தியம்! இத்தனையும் அந்தப் பெண்ணின் வாயிலாகப் பேசியவர் தேவகுலத்தார் என்ற புலவர். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் குறிப்பும் விளக்கமும் அழகாக இருக்கின்றன. பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையம் கட்டுரையாளருக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

கட்டுரையின் பெட்டிச் செய்தி என்னை இன்னும் வருத்தியது. 1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய "அந்தச் சிவகாமி மகனிடம் சேதி சொல்லடி" பாட்டைப் பற்றியது அது. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி. ஆகவே கவிஞர் தலைவருக்கு விட்ட தூது இது என்று வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இருக்கட்டும், அந்தச் செய்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் பொருளே அவ்வளவுதான் என்று முடித்துவிட்டால் பாட்டு எங்கே போயிற்று? "சொல்லடி" என்று ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். அடுத்த வரிகளில் வேலன் வருகிறான், தோகை வருகிறது. சிவகாமி அம்மையின் மகன் முருகன் அல்லவா? மேகத்தையும் குயிலையும் ஆண்டாள் தூது விட்ட வழியில், ஒருத்தி தோழியைத் தூது அனுப்புகிறாள். அந்த அகப்பாட்டு முழுதாக, தன் காலில் நிற்பதால்தான் அதற்குள் இன்னொரு சேதியை வைக்கக் கவிஞரால் முடிந்தது. மேலே இருக்கும் பாட்டைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் துப்பை மட்டும் கொடுத்தால், இளம் வாசகர்களுக்குக் கிசுகிசு கிடைக்கும், கவிதை கிடைக்காது.

கூற்றைத் தவறாகக் கேட்டதால் விளைந்த கேட்டுக்குச் சிலப்பதிகாரத்தைவிடப் பெரிய சான்று வேண்டுமா? புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாடுகிறான். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் காவிரி ஊடுவதில்லை என்கிறது அவன் பாட்டு. பாட்டில் பேசும் குரலைக் கோவலனின் மனம் என்றே எடுத்துக்கொள்கிறாள் மாதவி. இவனுக்கு வேறொருத்தி மேல் நாட்டம் என்று நினைக்கிறாள். உடனே யாழை வாங்கி, தனக்கும் வேறு குறிப்பு இருப்பதாகக் காட்டிப் பாடுகிறாள். அவளுக்கு வேறு யார் மேலும் மனம் இல்லை. நமக்கு அது தெரிகிறது, ஏனென்றால் இளங்கோ சொல்லிவிடுகிறார். கோவலனுக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் கானல்வரி பாட, இவள் மனத்தில் ஒன்றை வைத்து மாயப்பொய் பாடினாள் என்று எழுந்து போகிறான். மதுரைக்குப் போகும் வழி அந்த மணலில்தான் தொடங்குகிறது. ஊழ்வினையும் உண்டு என்கிறார் இளங்கோ. ஊழ் வந்து புகுந்த வாசல் ஒரு பாட்டைக் கேட்ட விதம் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும்.

கேட்பவருக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த கவிஞர் வாலியைச் சென்னையில் நிறுத்தி வைத்தது ‘சுமைதாங்கி’யில் வரும் "மயக்கமா கலக்கமா" பாட்டுத்தான். அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு எழுதப்பட்டது ஒரு படத்தின் நாயகனுக்காக. வாலி அதைத் தனக்கானதாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது வேறு, எழுதியவரைக் கூண்டில் ஏற்றுவது வேறு.

அடுத்த இணைப்பில் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி முடிவாகச் சொல்லாமலே விட்டார். அந்தக் கொலைக்காகச் சொத்து பறிக்கப்பட்டவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் உண்டு. நந்தினி அதில் இல்லை, அவள் கல்கியின் கற்பனை. அவள் பழுவேட்டரையரிடம் ஒரு விதமாகவும், வந்தியத்தேவனிடம் ஒரு விதமாகவும், கரிகாலனிடம் வேறு விதமாகவும் பேசுகிறவள். அவள் பேச்சில் எதை மேற்கோளாக எடுத்தாலும், அது யாரிடம், எந்தக் கட்டத்தில் சொன்னது என்பதையும் கூடவே அச்சிடும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். பாட்டாக இருந்தால் எழுதியவர் பெயரோடு, படத்தில் அதைப் பாடும் பாத்திரம் யார் என்றும் ஒரு வரி போடுங்கள். பெட்டிச் செய்தியில் அதற்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை – 33