முனை முறிந்தால் பென்சிலைத் திட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஓவியப் பென்சிலின் முனை திரும்பத் திரும்ப முறிந்தால் பெரும்பாலும் ஷார்ப்னரின் பிளேடுதான் மழுங்கியிருக்கும். சீவலைப் பாருங்கள்: மெல்லிய நாடாவாகச் சுருண்டு வந்தால் பிளேடு நலம், தூளாக உதிர்ந்தால் மாற்றும் நேரம். அதனால் ஒற்றைத் திருகாணியில் பிளேடு கழற்றக்கூடிய உலோக ஷார்ப்னரையே வாங்குங்கள். பிளாஸ்டிக் உடல் அழுத்தத்தில் நெளியும், பிளேடும் ஆடும்.

4பி முதல் 8பி வரை எனக் குறியிட்ட பென்சில்களின் முனை மிருதுவானது. நீண்ட ஊசிமுனை அவற்றுக்கு ஆகாது. குட்டைக் கூம்பாகச் சீவும் துளை தேவை. தடித்த பென்சிலுக்கு அகலத் துளை வேண்டும். அழுத்தாமல், மெதுவாகத் திருப்புங்கள். சார்க்கோல் எனப்படும் கரிப்பென்சிலுக்கு மட்டும் கத்தியும் உப்புத்தாளும்தான் சரி. கீழே விழுந்து உள்ளுக்குள் நொறுங்கிய பென்சிலை எந்த ஷார்ப்னரும் காப்பாற்றாது.

— ஓவிய ஆர்வலர்கள் சிலர்