வளவுத் தூணுக்குப் பின்னால் ஒரு பிளாஷ்

மதுரை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் ஒன் போகிறாள். கேமராவைத் தொடவிடு என்று தினமும் கேட்கிறாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

தள்ளி வைத்த பிளாஷைக் கேமராவிலிருந்தே எரியவைக்க டிரிகர் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். பிளாஷிலேயே இருக்கும் ஸ்லேவ் சென்சார் போதாதா என்றும் கேட்டிருந்தாய். உன் ஊருக்கு அது சரிப்படாது. காரைக்குடி வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பார். நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் முற்றத்தின் வழியே பகல் வெளிச்சம் கொட்டும். நீ ஒரு லைட்டை அதற்குப் பின்னாலுள்ள இரண்டாம் கட்டில் வைத்து, நிலைவாசல் வழியாக ஒளி வருமாறு திருப்புவாய். நடுவில் தேக்குத் தூண்கள். ஸ்லேவ் சென்சாருக்கு உன் கேமரா பிளாஷ் கண்ணில் பட்டால்தான் வேலை. தூண் மறைத்தாலும் எரியாது, வெயிலிலும் தடுமாறும். போதாததற்கு, விருந்துக்கு வந்த யாரோ பிளாஷ் போட்டாலும் உன்னுடையது எரிந்துவிடும். ரேடியோ டிரிகர்தான் வாங்க வேண்டும்.

ரேடியோ வந்தாலும் கவனம் வேண்டும். போன ஆவணியில் இங்கே ஒரு மண்டபத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெண் வீட்டார் தனியாக ஒரு டீம் வைத்திருந்தார்கள். நான் கை வைக்காமலே மேடையோரம் என் பிளாஷ் அவ்வப்போது மின்னிக்கொண்டிருந்தது. ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று விட்டுவிட்டேன். கெட்டிமேளம் சத்தம் எழுந்ததும் அவர்கள் சடசடவென்று ஐந்தாறு படம் தட்டினார்கள். அத்தனைக்கும் என் பிளாஷ் எரிந்து தீர்ந்துபோய், நான் அமுக்கியபோது சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கையும் மஞ்சள் கயிறும் இருட்டுக்குள். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றினால் பெண்ணின் கன்னம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி. நாத்தனார் போட்ட மூன்றாம் முடிச்சு மட்டும் தெளிவாக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தைப் புரட்டும்போது நான் தலை நிமிரவில்லை, மாப்ளே.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. இரண்டு டீமும் ஒரே வகை டிரிகர், இரண்டுமே பெட்டியிலிருந்து எடுத்தபடி சேனல் 1. அதனால் நீ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, சேனலோடு ஐடியும் வைக்க முடிகிறதா என்பதை. கோடாக்ஸ் கம்பெனியின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ வரிசையில் 32 சேனல், அதன் மேல் 01 முதல் 99 வரை ஐடி. இரண்டும் பொருந்தினால்தான் பிளாஷ் கேட்கும். நான் இப்போது அவர்களுடைய எக்ஸ்புரோ டிரிகரும் மூன்று டிடி600 பிளாஷும் வைத்திருக்கிறேன். ரிசீவர் பிளாஷுக்குள்ளேயே இருக்கிறது. தனி ரிசீவர், அதற்கு ஒரு பேட்டரி, கழன்று விழும் ஒயர் என்ற தொல்லையெல்லாம் இல்லை. டிரிகர் மட்டும்தான் கேமரா கம்பெனிக்கு ஏற்ப மாறும். நாளைக்கு நீ நிக்கானை விட்டு சோனிக்குப் போனாலும் இந்த பிளாஷ்களை அப்படியே ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளலாம்.

டிடிஎல்லுக்காக, அதாவது கேமராவே வெளிச்சத்தை அளந்து பிளாஷ் பவரை வைக்கும் வசதிக்காக, கூடுதல் காசு கொடுக்காதே. மணமேடையில் லைட்டும் ஆளும் நகர்வதில்லை. பட்டுச் சரிகையும் வெள்ளை வேட்டியும் டிடிஎல் கணக்கை ஷாட்டுக்கு ஷாட் குழப்பும். 1/16 பவர் என்று ஒருமுறை வைத்துவிட்டால் முகூர்த்தம் முடியும்வரை மாற்ற வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பில், நடந்து வருகிற கூட்டத்தோடு நீயும் பின்னோக்கி நடக்கும்போதுதான் டிடிஎல் அருமை தெரியும். அதற்குக் கேமரா மேல் இருக்கிற உன் பழைய பிளாஷே போதும். பவரை நாமே வைக்கும் மேனுவலில் உனக்கு அவசியம் வேண்டியது, ஏ, பி, சி என்று குரூப் பிரித்து ஒவ்வொன்றின் பவரையும் கேமராவிலிருந்தே கூட்டிக் குறைக்கும் வசதி. முன்பெல்லாம் பந்திக்கு நடுவே புகுந்து ஸ்டாண்டுக்கு ஓடுவோமே, அது இனி வேண்டாம்.

பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருக்கும். திறந்த வெளியில் சரி. ஆள் நெருக்கமாக நின்றால் உடம்பில் இருக்கும் தண்ணீரே அந்த அலையை விழுங்கிவிடும். பிளாஷைத் தலைகளுக்கு மேலே தூக்கி வை. இன்னொன்று, எக்ஸ்புரோவில் 1-100 என்றும் 0-30 என்றும் தூரம் வைக்க ஒரு அமைப்பு உண்டு. பிளாஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் 0-30 வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலிருந்தும் எரியாமல் போகும். இது தெரியாமல் புது டிரிகரைப் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பிளாஷ் போடும்போது உன் நிக்கான் டி750-இல் ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்டாதே. தாண்டினால் ஷட்டரின் திரை மறைத்துப் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். வெயிலில் பின்னணியை மங்கலாக்க வேண்டுமானால் எச்எஸ்எஸ் போடு, அதைவிட வேகமான ஷட்டரிலும் பிளாஷை எரியவைக்கும் முறை அது. ஆனால் அது பவரைக் குடிக்கும், லைட்டை அருகில் கொண்டுவர வேண்டும்.

ஸ்டூடியோ பரணில் ஃபிலிம் காலத்து பிளாஷ் ஒன்று கிடக்கிறதே, அதைப் புது டிரிகரிலும் கேமராவிலும் மாட்டிவிடாதே. அந்தக் காலத்தில் சிலவற்றின் சிங்க் முனையில், அதாவது கேமராவோடு தொடும் முனையில், 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை அது பரணிலேயே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் என்னுடையதைப் போட்டுப் பார். அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். உன் சித்தப்பா வீட்டுச் சாவியை வாங்கி வை. இரண்டாம் கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, முகப்பிலிருந்து எரிகிறதா என்று பார்ப்போம். அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

உன் கூட்டாளி