இசக்கியம்மாளுக்கு எத்தனை ‘கே’?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை 7,500 ரூபாயாக உயர்த்தக் கோரும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. நியாயமான கோரிக்கைதான். 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கப்புறம் விலைவாசி ஏறியதே தவிர அந்த ஆயிரம் பல வருடம் அசையவே இல்லை. ஆனால் அந்த ஆயிரத்தையே வாங்க முடியாத பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றிய பெண்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நான் காசு வாங்குவதில்லை. கூட்டம் என் கடைக்கு வருவது அதனால்தான், என் கையெழுத்து அழகைப் பார்த்து இல்லை.

போன மாதம் ஓர் ஆச்சி மஞ்சள் பையோடு வந்தார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு இசக்கியம்மாள் உண்டு. இவர்களையும் இசக்கியம்மாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 31 வருடம் பீடி சுற்றியவர்கள். பி.எஃப். கணக்கில் ஏறியது 15 வருடம்தான். சராசரிச் சம்பளம் 4,000 ரூபாய் என்று வைத்தாலும், சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கும் கணக்கில் 857 ரூபாய் வரும். ஆயிரம் என்ற வரம்பு இருப்பதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். 58 வயது தாண்டியாயிற்று, பத்து வருட சர்வீஸும் இருக்கிறது. அப்புறம் என்ன தடை?

பெயர்தான். கம்பெனிப் பதிவில் முதல் எழுத்து இங்கிலீஷ் ‘ஐ’, நடுவில் ஒரு ‘கே’, கடைசியில் ‘எல்’ கிடையாது. ஆதாரில் முதல் எழுத்து ‘ஈ’, இரண்டு ‘கே’, ‘எல்’ உண்டு. பிறந்த வருடத்திலும் நாலு வருடம் வித்தியாசம். பீடிக்கடைக் கணக்குப்பிள்ளை ஆளைப் பார்த்து வயது போட்டார். ஆதார் எடுத்த பையன், தேதி தெரியாது என்றதும் ஜனவரி 1 என்று போட்டான். பெயரை எப்படி எழுதுவது என்று ஆச்சியை யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கிலீஷில் எத்தனை ‘கே’ என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

திருத்த வேண்டுமென்றால் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் வேறு அதிகாரிகளிடம் சான்றொப்பம் வாங்க வழியிருக்கிறது. இங்கே கம்பெனி மூடவில்லை, எங்கள் ஊர்க் கிளையைத்தான் மூடினார்கள். ஆகவே கையெழுத்துக்குத் தலைமை அலுவலகம் போக வேண்டும். போனால், பழைய ரிஜிஸ்டரைத் தேட வேண்டும், பிறகு வாருங்கள் என்கிறார்கள். மூன்று தடவை போய்வந்தாயிற்று.

கைரேகைத் தொல்லை தனி. தகரத் துண்டை அளவு வைத்து இலை வெட்டி, தூள் போட்டு உருட்டி, நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம் பீடி என்று பல வருடம் சுற்றிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடா வருடம் உயிர்ச் சான்று கொடுக்க இப்போது முகத்தைக் காட்டினால் போதும் என்று செல்போன் செயலி வந்துவிட்டது. அது உண்மையிலேயே பெரிய உதவி. கடையில் நானே செய்து கொடுக்கிறேன். முகத்தை ஒத்துக்கொள்கிறவர்கள் ஒரு ‘கே’யை ஒத்துக்கொள்ள மாட்டார்களா?

இந்தப் பி.எஃப். சும்மா கிடைத்தது இல்லை. 1977ல் பீடித் தொழிலுக்கும் பி.எஃப். சட்டம் வந்தபோது, வீட்டில் இருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை என்று கம்பெனிகள் வழக்குப் போட்டன. அவர்களும் தொழிலாளிகள்தான் என்று 1985ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் அம்மாவுக்குக் கணக்கு வந்தது அதனால்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அம்மாவின் கணக்குப் புத்தகத்தில்தான் சுற்றினேன். என் பீடிக்கெல்லாம் அம்மா பெயர். இந்த ஊரில் என்னைப் போல் பி.எஃப். எண் இல்லாதவர்கள் நிறைய. அது வேறொரு கடிதத்துக்கான விஷயம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பீடித் தொழிலாளர் அடையாள அட்டையில் புகைப்படம் இருக்கிறது, தமிழில் பெயர் இருக்கிறது. அதையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துப் பெயரைத் திருத்திக் கொடுக்கலாம். கிளையை மூடுகிற கம்பெனி, மூடும் முன்பே அங்கே வேலை பார்த்தவர்களின் பதிவைச் சரிசெய்து தர வேண்டும் என்று விதி போடலாம். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. அதைச் சில மாதமாவது ஆலங்குளம், முக்கூடல், கடையம் என்று பீடி சுற்றுகிற ஊர்களிலேயே நடத்தி, கம்பெனிக்காரர்களையும் முத்திரையோடு வரச் சொல்லலாம்.

27ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஆச்சி மஞ்சள் பையை என் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் வைத்தால் ஒழுகலில் நனைந்துவிடுமாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு வாசகி,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.