பச்சைப் புடவையும் நிலாப் படமும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய நிலாப் படத்தைப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஜார்ஜ் மெலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் எடுத்த ‘எ ட்ரிப் டு தி மூன்’ என்ற ஊமைப்படம், அதுவும் கால் மணி நேரம், இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் உட்கார்ந்தேன்.

குடையால் ஒரு தட்டு தட்டியதும் சந்திரவாசிகள் புகையாகப் போகிறார்களே, அது எப்படி என்று அம்மா கேட்டாள். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மெலியே கேமராவை நிறுத்தியிருக்கிறார். மற்றவர்கள் அசையாமல் நிற்க, அடிபட்டவர் நழுவிப்போக, அந்த இடத்தில் புகையைக் கிளப்பிவிட்டு மறுபடி கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார். அப்புறம் ஃபிலிமை வெட்டி ஒட்டியிருக்கிறார். மேஜிக் மேடையிலிருந்து வந்த மனுஷன் இல்லையா! இவ்வளவும் தெரிந்த பிறகும் குடை ஓங்கும் இடம் வந்தால் நாற்காலியில் முன்னால் நகர்ந்துவிடுகிறேன். இந்தக் காலத்தில் நீங்களெல்லாம் கம்ப்யூட்டரில் செய்யும் தந்திரக் காட்சி ஆயிரம் மடங்கு சுத்தம்தான். ஆனால் அதில் செய்தவர் கண்ணில் படுவதில்லை. இதில் பாறையெல்லாம் வரைந்த தட்டி என்று பார்த்ததும் தெரிகிறது, தெரிந்தேதான் ஏமாறுகிறோம்.

என்னை உலுக்கியது இதே படத்தின் வண்ணப் பிரதி. பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற அம்மாவின் பட்டறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் தீட்டியதாம். ஒருத்திக்கு ஒரு நிறம். தபால்தலை அளவுச் சட்டகம், அதுபோல் 13,000-க்கும் மேல்! பார்சிலோனாவில் 1993-இல் ஒரு பிரதி கிடைத்து, சீர்செய்து கான் திரைப்பட விழாவில் திரையிட 2011 ஆகிவிட்டது. நானும் குச்சியில் பஞ்சு சுற்றி கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் போட்டவன். பாட்டியின் கல்யாணப் படத்தில் புடவைக்குப் பச்சை போட்டேன். உண்மையில் அது அரக்கு. கடைசிவரை சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து நீ சொன்ன ‘மெட்ரோபோலிஸ்’ (1927) என்ற ஜெர்மன் ஊமைப்படம் பார்த்தேன். அதில் வரும் நகரம் பிரமாதம். சின்ன மாடலைக் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து, கண்ணாடியின் ரசத்தைக் கொஞ்சம் சுரண்டி, அந்த இடைவெளியில் நிஜ ஆட்களைக் காட்டியிருக்கிறார்கள். கதைதான் இழுவை. நடுவில் தூங்கிவிட்டேன், அம்மாவிடம் கேட்காதே.

மெலியே பின்னால் நொடித்துப்போய், 1923-இல் தன் நெகட்டிவ்களைத் தானே கொளுத்தியதைப் படித்ததும் இரண்டு நாள் மனசு சரியில்லை. அப்புறம் பாரிஸின் மொம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஸ்டுடியோவை மூடியபோது நான் நெகட்டிவ்களை, அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவரிடம் எடைக்குப் போட்டேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. நீ பிறந்த அன்று எடுத்ததும் அந்த மூட்டையில் இருந்தது.

பாட்டியின் படம் மட்டும் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது ஸ்கேன் எடுத்துக்கொள். புடவையை அரக்காக்கிவிடாதே, பச்சையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா