பென்ஷன் புத்தகமும் ஆவணம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் பொறுமையாகப் படித்தேன். மலாயாப் போர்முனையில் பணியாற்றிய தமிழர்களைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்தாரே என்ற மகிழ்ச்சி மூன்றாம் பத்தி வரை நீடித்தது. "இவர்களுடைய குடும்பங்களிடம் இன்று எஞ்சியிருப்பவை செவிவழிக் கதைகளே, ஆவணம் என்று சொல்ல எதுவுமில்லை" என்று கட்டுரையாளர் அங்கே தீர்ப்பு எழுதிவிட்டார். எத்தனை வீடுகளின் கதவைத் தட்டிவிட்டு இந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுக் கதவை எவரும் தட்டவில்லை.

என் தந்தைவழிப் பாட்டனார் வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற போக்குவரத்து, வழங்கல் பிரிவில் லாரி ஓட்டுநராக மலாயாவுக்கு வந்தவர் ஊர் திரும்பவில்லை. "சிங்கப்பூர்ச் சண்டையில் போய்விட்டார்" என்பதே வீட்டில் வழங்கிய பேச்சு. இறந்த நாள் தெரியாததால் தை அமாவாசையன்று படையல் போட்டு வந்தார்கள். கட்டுரையாளர் குறிப்பிடும் செவிவழிக் கதை எங்கள் வீட்டிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தவறு என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே ஆயாவின், அதாவது அவருடைய மனைவியின், பென்ஷன் புத்தகம்தான்.

தாங்கள் அறியாததல்ல, அரசாங்கம் பணம் கொடுக்கும் இடத்தில் யாரிடமும் கதை கேட்பதில்லை. படை எண், பதவி, பிரிவு, படையில் சேர்ந்த நாள், தந்தை பெயர், கிராமம், தாலுகா என எல்லாவற்றையும் சரிபார்த்து, வாரிசின் அங்க அடையாளங்களைக் குறித்து, கைநாட்டு வாங்கிய பிறகே அது ஓய்வூதிய ஆணையை வழங்கும். அந்த ஆணையில் ஒரு பாதி பணம் பெறுபவரிடமும் மறுபாதி பணம் வழங்கும் கருவூலத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் காசு கைக்கு வரும். சிறுமியாக ஊருக்குப் போயிருந்தபோது ஆயாவுடன் தாலுகா கருவூலத்துக்குச் சென்றிருக்கிறேன். தாம் உயிரோடிருப்பதையும் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் அந்த அம்மாள் பல் விழுந்த வயதிலும் எழுத்துமூலம் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. இத்தனை சோதனைகளைக் கடந்து வந்த தாளை ஆவணம் இல்லை என்றால், வேறு எதைத்தான் ஆவணம் என்பார்கள்?

அந்தப் புத்தகத்தில் எங்களுக்குப் பெரிதும் உதவியது பணத்தைப் பற்றிய ஒரு வரி. ஆணை பிறந்தது போர் முடிந்த பிறகு. ஆனால் ஓய்வூதியம் 1942 ஜனவரி 8 முதல் கணக்கிடப்பட்டு, இடைக்காலத்தில் வழங்கிய குடும்பப் படியைக் கழித்துக்கொண்டு நிலுவை தரப்பட்டிருந்தது. குடும்ப ஓய்வூதியம் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து தொடங்குவது வழக்கம். அப்படியானால் அலுவலகக் கணக்கில் அவர் இறந்த நாள் ஜனவரி 7. அன்று விடியற்காலையில்தான் மலாயாவின் பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு புகுந்து வந்து 11ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்தன. சிங்கப்பூர் சரணடைந்ததோ பிப்ரவரி 15ஆம் நாள். காணாமற்போனவர்களுக்கு அலுவலகம் ஒரு நாளை ஊகித்துக் குறிப்பதும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து நாங்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. படை எண்ணை எடுத்துக்கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளைத் தேடினோம். பாட்டனாரின் பெயரை எழுத்தர் தமக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். எண்ணும் ஊரும் நாளும் அப்படியே பொருந்தின. சிங்கப்பூரிலேயே, கிராஞ்சிப் போர் நினைவிடத்தில், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய சுவர்களில், அவருடைய பிரிவுக்குரிய பகுதியில் அந்தப் பெயர் இருக்கிறது. நாற்பது நிமிடப் பேருந்துப் பயணத்தில் இருந்தவரைத்தான் இத்தனை காலம் ஊர் பேர் தெரியாதவராக நினைத்திருந்தோம்.

இதைச் சொல்லும்போது பழைய கசப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்காக எங்களிடம் பழைய படங்கள் கேட்டார்கள். பாட்டனார் சீருடையில் நிற்கும் ஒரே படத்தைக் கொடுத்தோம். பென்ஷன் புத்தகத்தையும் காட்டியபோது, "இது வெறும் வரவுக் கணக்குதானே, பதக்கம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். திறப்பு நாளில் போய்ப் பார்த்தால், படத்தின் கீழே "இந்திய தேசிய ராணுவ வீரர்" என்று அச்சிட்டிருந்தது. ஃபேரர் பார்க்கில் இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்த 1942 பிப்ரவரி 17க்கு முன்பே இறந்தவர், நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே இறந்தவர், எப்படி அந்தப் படையில் சேர்ந்தார் என்று கேட்டேன். "பார்வையாளர்களுக்குப் புரிய வேண்டுமல்லவா" என்று பதில் வந்தது. அவர்கள் ஒதுக்கிய வரவுக் கணக்கில் அந்தத் தேதி இருந்தது.

நேதாஜியின் படையில் சேர்ந்தவர்கள்மீது எனக்கு மனக்குறை எதுவுமில்லை. என் தாய்வழி உறவினர் ஒருவர் அதில் இருந்தவர். ஆனால் ஆண்டுதோறும் அந்த ஒரு படையைப் பற்றியே எழுதி, மற்றவர்களைக் கூலிப்படை என்பதுபோலக் கடந்துபோகும் கட்டுரைகளைத் தங்கள் இதழிலேயே படித்துச் சலித்துவிட்டேன். அந்த வீரர்களின் வரலாற்றுக்கும் ஓய்வூதியத் தாள்களே சாட்சி சொல்கின்றன. இந்திய ராணுவத்திலிருந்து அப்படையில் சேர்ந்தவர்களைப் போருக்குப் பின் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்துப் பலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆகவே பல ஆண்டு சேவை செய்தவர் வீட்டில் ராணுவ ஓய்வூதியத் தாள் இல்லாமல், 1972இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் தியாகி பென்ஷன் தாள் மட்டும் இருந்தால், அந்த இல்லாமையே ஒரு தடயமாகிறது. என் உறவினர் வீட்டில் அப்படித்தான்.

கட்டுரையாளரின் வாக்கியம் உண்மையாகப் பொருந்துபவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த சயாம் ரயில்பாதையைப் போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுக்குப் படை எண்ணும் கிடையாது, வாரிசுக்கு ஓய்வூதியமும் கிடையாது. 415 கிலோமீட்டர் பாதையின் ஓரத்தில் எங்கெங்கோ புதைந்தவர்கள் அவர்கள். அவர்களையும் சிப்பாய்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்ததால், இருப்பதும் மறைந்தது, இல்லாமற்போனதன் கொடுமையும் சொல்லப்படாமற்போயிற்று.

நம்மவர்மீதும் குறை உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு மாறும்போது தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழுப்பேறிய தாள்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போட்டுவிடுகிறோம். ஆவணமே இல்லை என்று நாளிதழே எழுதிவிட்ட பிறகு யார்தான் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

நான் தங்களிடம் கேட்பது பெரிதல்ல. அந்த வாக்கியத்துக்கு நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதன் கீழே, பழைய ராணுவ ஓய்வூதியத் தாள் வைத்திருக்கும் வாசகர்கள் அதில் படை எண், பிரிவு, ஓய்வூதியம் தொடங்கும் நாள் ஆகிய மூன்றையும் குறித்துவைத்துக்கொள்ளும்படி ஒரு சிறு அறிவிப்பும் இடம்பெற்றால் நன்றியுடையவளாக இருப்பேன். கட்டுரையாளர் எங்கள் புத்தகத்தைப் பார்க்க விரும்பினால் தாராளமாக வீட்டுக்கு வரலாம், காப்பி தருவேன். புத்தகத்தை மட்டும் யாரிடமும் கொடுத்தனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஈசூன்