நோயில்லாத கால்நடைகளுக்குத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கால்நடை, கோழி வளர்ப்போர் மற்றும் களத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: கால்நடைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதை முறைப்படுத்துவதும், அதற்கான பரிசோதனை வசதி செய்து தருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நிமோனியாவில் மூச்சு வாங்கும் கன்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும். அதைத் தடுக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. நோயே இல்லாத கோழிகளுக்கும் பன்றிகளுக்கும், சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்றோ, எதற்கும் இருக்கட்டும் என்றோ, நாள்தோறும் தீவனத்திலும் தண்ணீரிலும் மருந்து கலந்து கொடுக்கிறார்களே, அந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் கொடுக்கும்போது மருந்துக்குப் பணியும் பாக்டீரியாக்கள் சாகின்றன. பணியாதவை தங்கிப் பெருகுகின்றன. அதோடு முடிவதில்லை. மருந்தை எதிர்க்கும் திறனைத் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொரு வகை பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். சாணம், எரு, கழிவுநீர், இறைச்சி, பண்ணையில் வேலை செய்பவரின் கை என்று அது வெளியே வர வழிகள் பல. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி குழுவினர் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில், ஒரே வாரத்தில் அந்த மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களே ஏறக்குறைய முழுவதும் நிறைந்தன. சில மாதங்களில் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அவை கூடின. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அந்த ஏற்றம் இல்லை.

கோலிஸ்டின் விஷயம் இன்னும் கவலை தருகிறது. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையே பன்றிகள் கொழுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். அதற்கு எதிர்ப்பைத் தரும், பாக்டீரியாக்களுக்கிடையே தாவக்கூடிய மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்த செய்தி 2015 நவம்பரில் வெளிவந்தது. 2017-ல் அந்நாடு வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. அதன்பின் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அந்த எதிர்ப்பு குறைந்தது. ஆக, நிறுத்தினால் பலன் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் இதைப் பார்த்தார்கள். அங்கே குஞ்சு பொரிப்பகங்கள் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக்கை 2005-ல் தாமாகவே நிறுத்தியபோது, கோழி இறைச்சியிலும் மனிதர்களிடமும் சால்மோனெல்லா என்ற குடல்நோய் பாக்டீரியாவின் எதிர்ப்பு இறங்கியது. 2007-ல் அந்த மருந்தை ஓரளவு திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியதும் எதிர்ப்பு மறுபடி ஏறியது.

மனிதர்கள் மருந்தைத் தாறுமாறாகச் சாப்பிடுவதும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குப் பணியாத கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கும்போது, எங்கள் தொழிலின் பங்கை நாங்கள் ஒதுக்கித் தள்ள முடியாது.

சரி, தடை உத்தரவு ஒன்று போட்டால் போதுமா? போதாது என்பது டென்மார்க்கின் அனுபவம். 1990-களின் இறுதியில் அங்கே வளர்ச்சி ஊக்கி மருந்துகளைக் கைவிட்டபோது, தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு கூடி, சிகிச்சைக்கான மருந்து செலவாவது ஏறியது. பிறகு பண்ணைவாரியாக மருந்துக் கணக்கு வைத்தார்கள். 2010-ல், சராசரியைப் போல இரு மடங்கு மருந்து பயன்படுத்தும் பன்றிப் பண்ணைகளுக்கு மஞ்சள் அட்டை எச்சரிக்கை கொடுக்கும் முறை வந்தது. இங்கும் அப்படிக் கணக்கு வேண்டும். எந்தப் பண்ணைக்கு, எந்த மருந்து, எவ்வளவு, யார் எழுதிக் கொடுத்தது என்பதைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் மொத்த அளவை மக்கள் பார்க்க வெளியிடுங்கள்.

கால்நடை மருத்துவர் விலங்கைப் பார்த்து எழுதிய சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக்கையோ, அது கலந்த தீவனத்தையோ விற்கக் கூடாது. மனிதர்களின் கடும் நோய்களுக்கு முக்கியமான கோலிஸ்டின், ஃபுளுரோகுவினோலோன், மூன்றாம் நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை மந்தை முழுவதற்கும் ஒருசேரக் கொடுப்பதை முழுமையாகத் தடை செய்ய வேண்டும்.

இதில் நாங்கள் மிகவும் வலியுறுத்துவது பரிசோதனைக்கூடம். மடிவீக்கம் கண்ட பசுவின் பாலில் உள்ள கிருமியை அங்கே வளர்த்துப் பார்த்தால் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். லேசான மடிவீக்கத்தில் பல சமயம் ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது, பசுவே தேறிவிடும். ஆனால் முடிவு வர ஒரு வாரம் ஆகுமென்றால் எந்த மருத்துவரும் காத்திருக்க மாட்டார். பல வகைக் கிருமிகளையும் கொல்லும் மருந்தைத்தான் கையில் எடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றிரண்டு நாளில் முடிவு சொல்லும் கூடம் எட்டும் தூரத்தில், சிறு விவசாயிக்கு இலவசமாக இருக்க வேண்டும். அப்புறம், மருந்து போட்ட பசுவின் பாலை விற்க முடியாது என்று கன்றுக்கு ஊட்டுகிறோமே, அதனாலும் கன்றின் குடலில் எதிர்ப்பு வளர்கிறது. இதை விவசாயிகளிடம் எடுத்துச் சொல்ல உங்கள் களப்பணியாளர்களால்தான் முடியும்.

தடுப்பூசியும் தாராளமாகக் கிடைக்கட்டும். நார்வேயின் சால்மன் மீன் பண்ணைகள் 1980-களின் பிற்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவழித்தன. தடுப்பூசி வந்தபின், உற்பத்தி பல மடங்கு பெருகியும், அண்மை ஆண்டுகளில் அது ஒரு டன்னுக்கும் கீழே வந்துவிட்டது.

விதிகளை வரையும் முன்பு எங்களையும் அழைத்துப் பேசுங்கள். மாற்றத்துக்குச் சிறு பண்ணைகளுக்கு எவ்வளவு காலம் தருவீர்கள், பரிசோதனைக்கூடங்கள் எப்போது திறக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்து மூலம் பதில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்நடை, கோழி வளர்ப்போரும் கால்நடை மருத்துவர்களும்